மயிலிறகு, இடது மணிக்கட்டு

நாகம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதில் அளவே தெரியாது, மேடம். உச்சியில் ஊற்றினால் காதோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி, நைட்டியின் முதுகு நனைந்துவிடும். போதும் என்றால் விடமாட்டார். “இரு கண்ணு, உச்சி கொதிக்குது பாரு. நாள் பூரா கம்ப்யூட்டராண்டயே குந்திகினு கீற, கொதிக்காம இன்னா பண்ணும்?” என்பார். மண்ணூர்பேட்டையில் அவர் வீடு ஒரே அறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசற்படியில் நான் கீழே, அவர் மேலே. எனக்கு இது நாற்பத்தொரு வயதில் கிடைத்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

என் பெயர் ரேணுகா. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். நான் மூன்றாவது படிக்கும்போது அம்மா போய்விட்டார். ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். சிரமமானதல்ல. புத்தகத்தில் ‘படம் ஏழைப் பார்க்கவும்’ என்று ஒரு வரி வரும். அந்தப் படம் வேறெங்கோ இருக்கும். எங்கள் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த வரிக்கு ஒரு குறி போட்டிருப்போம், படத்துக்கும் அதே குறி. நான் எழுதும் ஸ்டைல்ஷீட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், முதல் குறியை எடுத்துக்கொண்டு கோப்பு முழுக்கத் தேடும். அதே மதிப்புள்ள இன்னொன்று கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துவைக்கும். கிடைக்காவிட்டால்? அதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அது புகார் சொல்லாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அங்கே ஒன்று வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் மட்டும்தான் அந்த வெறுமையைக் கவனிப்பார்கள்.

கோவில்பதாகையில் ஜெயராமன் சாரின் அறக்கட்டளைக்கு நான் போக ஆரம்பித்தது சனிக்கிழமைகளில் ஃபிளாட்டில் இருக்கப் பிடிக்காமல்தான். சார் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காணாமல் போனவர்களைத் தேடும் வேலையைத் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்துக்கொண்டு செய்கிறார். தேடி வருகிறவர்கள் சொல்லும் அடையாளங்கள் ஒரு கோப்பில் இருக்கும். தெருவிலிருந்து மீட்கப்பட்டு, பெயர் ஊர் சொல்லத் தெரியாமல் இல்லங்களில் இருப்பவர்களின் அடையாளங்கள் இன்னொரு கோப்பில். நான் போகும் முன் சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை வேறு. நான் ஒரு ஸ்டைல்ஷீட் எழுதிக் கொடுத்தேன். ஆணா பெண்ணா, வயது எந்தப் பத்தில், உடம்பில் என்ன அடையாளம், எந்தப் பக்கம். இவை ஒத்துப்போனால் இருவரும் ஒரே தாளில், இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர் என்று அச்சாகி வருவார்கள்.

முதல் தடவை அப்படி ஒரு தாள் வந்தபோது சார் அழுதுவிட்டார். பிறகு ஒரு குறை சொன்னார்.

“ரேணுகா, ஒண்ணு பண்ணும்மா. இடது வலதுல கறாரா இருக்க வேணாம். இல்லத்து ஆயாங்க போன்ல முன்னாடி கேமராவைத் திருப்பிவெச்சு எடுத்துடறாங்க. கண்ணாடி மாதிரி விழுது. இடது கைத் தழும்பு வலது கையில தெரியுது. நான் படத்தைப் பாத்துத்தானே ஏத்தறேன்?”

நியாயம்தான். பக்கம் மாறியிருந்தாலும் சேர்த்துக்கொள் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். அதற்குப் பிறகு தாள்கள் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன.

நாகம்மா வந்தது அதற்கப்புறம். மண்ணூர்பேட்டையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர். மகள் எழிலரசிக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் முறிந்ததிலிருந்து மனசு சரியில்லாமல் இருந்திருக்கிறாள். இவர் வண்டியில் நின்ற நேரத்தில் வீட்டைத் திறந்துகொண்டு நடந்துபோய்விட்டாள். உங்கள் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடையாளம் என்ன என்று நான்தான் கேட்டு எழுதினேன்.

“மயிலெறகு பச்ச குத்திகினு கீறா, இந்தக் கையி, மணிக்கட்டாண்ட,” என்று தன் இடது கையை நீட்டிக் காட்டினார். “கோயில் வாசல்ல குத்திகினா. இன்னாத்துக்குடி இதெல்லாம்னு முதுகுல ஒண்ணு வெச்சேன். இப்ப அதத்தான் தேடிகினு கீறேன் பாரு, எம்மா கொழுப்பு எனக்கு.”

எல்லாச் சனிக்கிழமையும் வருவார். வெறுங்கையாக வரமாட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மிச்ச மாவில் சுட்ட ஆப்பம். சாருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது, எனக்குத்தான். “எதுனா கீதா கண்ணு?” என்று கேட்பார். இல்லை என்பேன். “சரி, துன்னு” என்பார். மழை பலமாகப் பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை நான் அவரோடு மண்ணூர்பேட்டைக்குப் போய், அன்றிரவு அங்கேயே தூங்கினேன். ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் காலையில் அம்மா என்று கூப்பிட்டேன். அவர் என்னை வாசற்படியில் உட்காரவைத்தார். தலையில் எண்ணெய் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை சார் வங்கிக்குப் போயிருந்தார். நாகம்மா வெளியே படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்காக, சாயங்காலம் கூட்டு வைக்க. நான் கோப்பை ஓட்டினேன். ஒரு தாள் வந்தது. இடப்புறம் எழிலரசி. வலப்புறம், பெயர் தெரியாத பெண், இருபதிலிருந்து முப்பதுக்குள், மயிலிறகுப் பச்சை, வலது மணிக்கட்டு. திருநின்றவூர் தாண்டி ஓர் இல்லம்.

ஆமாம், உயிரோடுதான். எங்களிடம் இருந்த இரண்டு கோப்புகளிலும் இறந்தவர்கள் கிடையாது.

நான் எழுந்தேன். சொல்வதற்காகத்தான் எழுந்தேன், அதில் சந்தேகம் வேண்டாம். அவர் என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே பேசினார்.

“கண்ணு, எயிலு மட்டும் கெடச்சிட்டான்னு வையி, அன்னிக்கே வண்டிய வித்துடுவேன். பொன்னேரில என் தம்பி ஊட்டாண்ட கூட்டிகினு பூடுவேன். இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்.”

“நாங்கல்லாம்?” என்று கேட்டேன்.

“நீங்கல்லாம் படிச்சவங்க, உங்களுக்கு இன்னா?” என்று சிரித்தார்.

நான் உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தேன். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். கீரை ஆய்ந்தாகிவிட்டது, கூட்டு வைக்கட்டும். அந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. தாள் எதுவும் வரவில்லை. முதலில் வந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொய்யாக ஒரு எழுத்தைக்கூட நான் சேர்க்கவில்லை, மேடம். நாகம்மா சொன்னது சொன்னபடி இருந்தது. இல்லத்திலிருந்து வந்ததும் வந்தபடி இருந்தது. விட்டுக்கொடுத்துப் பார்த்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான். என் கம்பெனியில் இதற்குத் துல்லியம் என்று பெயர்.

படம் காட்டினாலே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். தாளில் சேர்ந்து வராதவரை யாருக்கும் படம் காட்டக்கூடாது என்பது இல்லங்கள் போட்ட விதி. அதுவும் சரிதான். ஆதரவில்லாத பெண்களின் படத்தைப் பார்த்துவிட்டு, என் மனைவி, என் தங்கை என்று சொந்தம் கொண்டாடி வருகிறவர்கள் உண்டு. ஏற்றுகிற சாருக்கு அத்தனை அடையாளங்களும் நினைவில் நிற்காது; ஆக, இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் இருந்தது நான் எழுதியது மட்டும்தான்.

அந்தப் பெண் வேறு யாராகவோ இருக்கலாம் அல்லவா? மயிலிறகு குத்திக்கொண்டவர்கள் ஊரில் ஒருத்தியா? அதை உறுதி செய்துகொள்ளத்தான் திருநின்றவூருக்குப் போனேன். இல்லத்துக்கு அரிசி, புடவை கொடுக்க வந்தவளாகப் போனேன். ஆயா கூட்டிப்போய்க் காட்டினாள். பேனுக்காக மொட்டை அடித்திருந்தார்கள். நாகம்மாவின் அதே தாடை. இடது மணிக்கட்டில் மயிலிறகு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள்.

“அம்மா வந்துச்சா?”

“வருவாங்க.”

“மாவு தீந்துச்சா?”

எனக்கு உடனே புரியவில்லை. ஆயா சிரித்துக்கொண்டே சொன்னாள். “இதான் பேச்சு எந்நேரமும். பேரக் கேட்டா சொல்லாது, ஊரக் கேட்டா சொல்லாது. மாவு தீந்தா அம்மா வந்துடும், மாவு தீந்தா அம்மா வந்துடும். எந்த மாவோ, எந்த அம்மாவோ.”

மாவு தீர்ந்தால்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப முடியும். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான் காத்திருந்திருக்கிறாள். அது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்றேன்.

“சரி,” என்றாள். கோபமெல்லாம் இல்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறை போனேன். வெறுங்கையாகப் போனதில்லை. நாகம்மா எனக்குக் கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பில் பாதியை எடுத்துவைத்துக் கொண்டுபோவேன். எழிலரசி சோற்றில் பிசைந்து, முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை யாரோடும் பேசவில்லை. இல்லத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை என்று ஆயா சொன்னாள். அம்மா கையால் ஆனதை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான் ஒருத்திதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தவறு செய்தேன். ஒருமுறை நாகம்மாவின் எவர்சில்வர் டப்பாவையே கொண்டுபோய்விட்டேன். மூடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. எழிலரசி சாப்பிட்டுவிட்டு மூடியைத் திருப்பி, அந்தப் புள்ளிகள்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். “நா... க... ம்... மா...” என்று படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

ஆயா எட்டிப் பார்த்து, “உங்க பேரு நாகம்மாவா? நான் இத்தினி நாளு கேக்கவே இல்ல பாருங்க,” என்றாள்.

ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யாகத் தோன்றவில்லை.

டப்பாவைத் திருப்பிக் கேட்டதற்கு எழிலரசி தரவில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பிடுங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொண்டேன். நாகம்மா கேட்டார், “கண்ணு, என் டப்பா எங்க? எங்கம்மா ஊட்டு சீருடி அது.” ஆபீசில் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். “மறதிக் கய்தே,” என்று தலையில் குட்டினார். வலிக்காத குட்டு.

இப்படியே நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் குறையில்லை. எழிலரசியும் நானும் ஒரே குழம்பைச் சாப்பிட்டோம், ஒரே பெண்மணிக்காகக் காத்திருந்தோம். அவள் இருந்த இடத்தில் அவளுக்குப் படுக்கை இருந்தது, மருந்து இருந்தது. நாகம்மாவுக்கு நம்பிக்கை இருந்தது, நான் இருந்தேன். சேர்த்துவைத்தால் ஒருத்திக்கு எல்லாம் கிடைக்கும், ஒருத்திக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் கணக்குப் பார்க்கிறவள் அல்ல. ஆனாலும் அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நாகம்மா சில சமயம் வாய் தவறி என்னை எயிலு என்று கூப்பிடுவார். ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு “இன்னாம்மா?” என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அவரும் நாக்கைக் கடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் பெய்த மழையில் இல்லத்தில் காய்ச்சல் பரவியது. ஒரு சனிக்கிழமை அறக்கட்டளைக்குப் போன் வந்தது. இல்லத்தை நடத்தும் ஜஸ்டின். மாதாமாதம் அங்கே வருகிறவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சார் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன்.

“மேடம், அந்த மயிலிறகுப் பொண்ணு, ஞாபகம் இருக்கா? ரொம்ப மோசமா இருக்கு மேடம். மாத்திரைய வாயில வாங்க மாட்டேங்குது. டிரிப்ஸ் ஏத்துனா பிடுங்கி எறியுது. அம்மா வந்து குடுத்தாத்தான் குடிப்பேன்னு ஒரே அடம். ஏதாவது பொருந்துதான்னு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க மேடம், ப்ளீஸ்.”

ஓட்டினேன். கேட்டதை மறுக்கும் வழக்கம் எனக்கில்லை. அவர் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“பார்த்துட்டேன் சார். பொருந்தலை,” என்றேன்.

“சரி மேடம். தேங்க்ஸ் மேடம்,” என்றார். நல்ல மனிதர்.

நாகம்மா அதற்குள் வீட்டுக்குத் திரும்பியிருந்தார், நான் நேராக மண்ணூர்பேட்டைக்குப் போனேன். அன்றைக்கு ஞாயிறு இல்லை. ஆனாலும் எண்ணெய் வைத்துவிடச் சொன்னேன். “இன்னாடி, மூஞ்சி இப்டிக் கீது? காச்சலா?” என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். கசப்பாக இருந்தது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினேன். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஒரு மடக்கு விடாமல் புகட்டினார். “குடிக்கலன்னா உட்டுடுவனா?” என்றார். நான் குடித்தேன்.

எழிலரசி திங்கட்கிழமை இறந்தாள்.

அடக்கம் செய்யும் முன் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஜஸ்டின் கோவில்பதாகைக்கே வந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து அறக்கட்டளைக் கம்ப்யூட்டர் ஓடவில்லை. நான் முன்பு திருத்திக் கொடுத்த ஸ்டைல்ஷீட்டின் நகல் ஒன்று ஜெயராமன் சாரின் பழைய மடிக்கணினியில் இருந்திருக்கிறது, அந்த இரண்டு வரியோடு. சார் அதில் ஓட்டியிருக்கிறார். ஒரே நொடியில் தாள் வந்திருக்கும்.

நாகம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ஆபீசில் இருந்தேன். போர்வையை விலக்கிய பிறகும் நாகம்மா மணிக்கட்டைப் பார்க்கவே இல்லையாம். வயிற்றோடு அணைத்தபடி இருந்த டப்பாவைத்தான் பார்த்தாராம். ஆயா அழுதுகொண்டே சொன்னாளாம், “உங்க பேரே வெச்ச ஒரு அம்மா மாசாமாசம் கொயம்பு கொண்டாந்து குடுப்பாங்க. அவங்க குடுத்தது. கண்ணாடி போட்டுகினு இருப்பாங்க, செவப்பா.”

சார் போன் செய்தார். “ரேணுகா, அந்த ரெண்டு வரி இப்ப இல்லையேம்மா. தானா அழிஞ்சிடுமா அது?” என்று கேட்டார். குரலில் சந்தேகமே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தானாக எதுவும் அழியாது சார் என்று சொன்னேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஆபீசில் ‘பார்க்கவும், பார்க்கவும்’ என்று பக்கம் பக்கமாக ஓடும். ஒவ்வொன்றும் போய்த் தன்னுடையதைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் என் முதுகுப்பக்கம் யாரோ மாவு தீர்ந்ததா என்று கேட்பார்கள். கத்தமாட்டாள், நச்சரிக்கமாட்டாள், சும்மா கேட்பாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். பக்கத்து இருக்கையில் இருக்கும் அபிஷேக், யார்கிட்ட மேடம் பேசறீங்க என்கிறான். எயிலு என்று யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்க்கிறேன். அங்கே வெறுமையாக இருக்கிறது. அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அந்த இரண்டு வரிகள் எழிலரசிக்கு மட்டும்தானா என்று. இல்லை மேடம். ஸ்டைல்ஷீட்டுக்கு ஆள் தெரியாது. அந்த வரிகள் எல்லாருக்குமாக எழுதியவை. எடுத்தபோதும் எல்லாருக்குமாகத்தான் எடுத்தேன். கேமராவில் பக்கம் மாறி விழுந்தவர்கள் எத்தனை பேர், யார் யாருடைய பிள்ளைகள் என்று நான் ஓட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மனசு கேட்டிருக்காது. சார் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். பிரின்டரில் தாள் தீர்ந்துவிட்டது, வாங்கி வர ஆள் அனுப்பியிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் யுவராணி சொன்னார்கள்.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நாகம்மா காலையிலிருந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் யுவராணி சொன்னார்கள். வீட்டுக்குப் போங்கம்மா என்றால், “அவ வெளிய வரட்டும், நான் எங்கயும் பூட மாட்டேன்,” என்கிறாராம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மண்ணூர்பேட்டையிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருப்பார், கால் வெந்திருக்கும். அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் எழுதி முடித்துவிடுங்கள் மேடம், என்னைக் கூட்டிக்கொண்டு போக அம்மா வந்திருக்கிறார்.